பாதியில் அறுந்த நூலா?

மணமாகாமல் மாண்ட இளம்பெண்ணைக் கன்னித் தெய்வமாகக் கருதி, அவளுக்குப் புத்தாடை படைத்து வழிபடும் வழக்கம் நம் தென்மாவட்டங்களில் உண்டு. இளையரசனேந்தல் போன்ற கரிசல் ஊர்களில் வாழும் நமக்கு இது புதிதன்று. நாம் அவ்வழிபாட்டில் பங்கேற்பதில்லை. ஆயினும் அதனுள் அழுகின்ற தாயின் கேள்வியை ஒதுக்கிவிட இயலாது. வாழ வேண்டிய வயதில் மறைந்த பிள்ளையின் வாழ்வு பாதியில் அறுந்த நூல்தானா?

2010-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த 'ஏஞ்சல் பீட்ஸ்' என்னும் 13 பகுதிகள் கொண்ட கார்ட்டூன் தொடரும் இதே கேள்வியை எழுப்புகிறது. மனக்குறையோடு இறந்த பதின்வயதினர் மறுமையில் ஒரு பள்ளியில் கண்விழிக்கின்றனர். தம்பி தங்கையரைக் கொள்ளையரிடம் பறிகொடுத்த யூரி என்பவள், இறைவனையே எதிர்த்துப் படை திரட்டுகிறாள். யோபுவின் முறையீட்டை அறிந்த நமக்கு அவளது சினம் அந்நியமானதன்று.

மனக்குறை தீர்ந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கிருந்து விடைபெறுகின்றனர். கதைநாயகன் ஓத்தோனாஷி, இரயில் விபத்தில் சிக்கி இறக்குமுன் தன் உறுப்புகளைத் தானமாக எழுதிவைத்தவன். அவனது இதயத்தைப் பெற்று வாழ்ந்த கனாதே என்னும் பெண், பின்னர் தானும் இறந்து, அவனுக்கு நன்றி சொல்லவே அங்கு வந்திருக்கிறாள்.

இதனை வெறும் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது ஹிதேந்திரன் சாலை விபத்தில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்தான். மருத்துவர்களான அவனுடைய பெற்றோர், அசோகனும் புஷ்பாஞ்சலியும், அவன் உறுப்புகளைத் தானம் செய்தனர். அவனது இதயம் சென்னையில் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. நன்னெறி வழுவாத இத்தகைய உறுப்புக் கொடையை, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995-ஆம் ஆண்டு தமது 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலில் போற்றியுள்ளார்.

அப்படியானால் கொடைதான் வாழ்வை நிறைவாக்குகிறதா? எதையும் கொடுக்க இயலாதோரின் நிலை என்ன? அதே தொடரில் வரும் யூய், சிறுவயதில் விபத்தில் சிக்கி உடல் செயலிழந்தவள். தாய்க்குப் பாரமாகிவிட்டோமே என்ற ஏக்கத்தோடு இறந்தவள். எந்நிலையில் இருந்தாலும் அவளை மணப்பதாக ஒருவன் சொல்கிறான். அச்சொல் அவளுக்குப் போதுமாயிற்று. அவள் எதையும் சாதிக்கவில்லை, அன்பு செய்யப்பட்டாள். ஹிதேந்திரனும் அறிந்து தன் இதயத்தைக் கொடுத்தவன் அல்லன். பெற்றோரின் அன்பே அதனைக் கொடையாக்கிற்று.

ஆகவே, ஒரு வாழ்வு நிறைவுற்றதா என்பதை ஆண்டுகளைக் கொண்டோ சாதனைகளைக் கொண்டோ அளக்க இயலாது. அன்பு ஒன்றே அதற்கு அளவுகோல். அந்தத் தொடரில் இறைவன் இறுதிவரை முகம் காட்டுவதில்லை. நம் விசுவாசமோ, இறந்தோரைப் பெயர் சொல்லி அழைக்கும் தந்தையிடம் அவர்களை ஒப்படைக்கிறது. உத்தரிக்கிற நிலை என்பதும் அவரது அன்பு நம்மைத் தூய்மையாக்கும் நிலையே. அங்கும் எவரும் தனித்து விடப்படுவதில்லை. நம் செபமும் திருப்பலியும் அவர்களுக்குத் துணைநிற்கின்றன. நவம்பர் 2 அன்று கல்லறைகளில் நாம் ஏற்றும் மெழுகுதிரி இந்த உறவின் அடையாளமாகும்.

கனாதே தன் நன்றியைச் சாவுக்குப் பின்னரே சொல்ல முடிந்தது. நமக்கோ இன்று நேரம் இருக்கிறது. மதிப்பெண்ணும் வேலையும் வருமுன்பே அவர்கள் நம் அன்புக்கு உரியவர்கள் என்று நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்ல, நாம் ஏன் கல்லறைவரை காத்திருக்க வேண்டும்?