விட்டுப்போன தூம்பு

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் அந்த வீட்டை அளக்க எனக்கும் ஆறு மாணவர்களுக்கும் ஒன்பது நாள் பிடித்தது. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். டேப்பின் ஒரு முனையைப் பிடித்தவன் கத்தினால் மறுமுனைக்காரனுக்குக் கேட்காது. வீட்டில் ஒரே ஒரு ஆச்சிதான் இருந்தார். மற்ற பங்காளிகள் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். முன்னோர் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வருவார்கள். அவரவர் அறைப் பூட்டைத் திறப்பார்கள். முடிந்ததும் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

"அளந்து என்ன தம்பி பண்ணப் போறீக?" என்று இரண்டாம் நாள் ஆச்சி கேட்டார்.

"ஆவணப்படுத்துறோம் ஆச்சி. இந்த வீடு எப்படி இருந்துச்சுன்னு பின்னால வர்றவங்களுக்குத் தெரியணும்ல."

"இருக்குறப்பவே இருந்துச்சுங்குறீகளே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். அப்போது 1990-களின் நடுப்பகுதி; விரிவுரையாளர் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

செட்டிநாட்டு வீடு எப்படி எழும்பியது என்பதை வகுப்பில் மணிக்கணக்காகச் சொல்வேன். பர்மாவில் வட்டித்தொழில், அங்கிருந்து வந்த தேக்கு, இத்தாலியப் பளிங்கு, முட்டை வெள்ளை சேர்த்து மெழுகிய சுவர், பக்கத்திலேயே ஆத்தங்குடிக் கல். 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்தப் பணத்தின் ஊற்று வற்றியது. வீடுகள் நின்றன, அவற்றைத் தாங்கிய வரவு நின்றுபோனது. எத்தனை பங்குதாரர் இருந்தாலும் கூரைக்கு ஓடு மாற்ற ஒருவர்தான் முன்வர வேண்டும். பெரும்பாலும் யாரும் வருவதில்லை.

2009-இல் மறுபடி போனபோது ஆச்சி இல்லை. வீடும் இல்லை. தூண்கள் லாரியில் போயின என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். காரைக்குடியில் பழம்பொருள் கடைகளுக்கென்றே தெரு உண்டு. அங்கே ஒரு கடையில் சாய்த்து வைத்திருந்த வாசல் நிலையைப் பார்த்ததும் கால் நின்றது. எங்கள் வரைபடத்தில் அதற்கு எண் 14. விலை கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

திரும்பி வந்து கட்டுரை எழுதினேன். இருக்கும் வீட்டைப் பற்றி எழுதினால் வர்ணனை என்பார்கள். இடிந்த வீட்டைப் பற்றி எழுதினால் அதுவே ஆய்வாகிவிடும். எங்களிடம் இருந்த அளவு வரைபடங்கள் வேறு யாரிடமும் கிடையாது. 2010-இல் கல்லூரி ஆசிரியர் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கு வந்திருந்த நேரம். செட்டிநாட்டு நகரத்தார் வழக்கிலும் புள்ளி உண்டு: ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. ஊர்க் கணக்கும் கோயில் வரியும் அந்தப் புள்ளிப்படிதான். அந்த வீட்டின் புள்ளிகள் நாலு திசைக்கும் சிதறியதில் எனக்கு என் புள்ளிகள் சேர்ந்தன. இணைப் பேராசிரியர் ஆனேன். வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

இதை யாரிடமாவது சொன்னால், "நீங்க அளக்காம விட்டிருந்தா அதுவும் போயிருக்குமே" என்று தேற்றுவார்கள். நியாயம்தான். ஆனால் டாக்டர் என்று நம்பிக் கையைப் பிடித்தவரிடம் நான் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவன் என்ற உறுத்தல் அந்த நியாயத்தால் போகிறதில்லை. ஒன்பது நாளில் ஒரு நாளாவது கூரை ஓட்டைப் பற்றி ஆச்சியிடம் பேசியிருக்கலாம். பங்காளிகளுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். என் மேசையில் 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இருந்தது. நினைவுச்சின்னத்தின் கல்லை எப்படிக் காப்பது என்று அதில் நிறைய உண்டு. பூட்டிய அறைக்காரர்களை எப்படி ஒரே திண்ணையில் உட்கார வைப்பது என்று தேடினால் அதில் கிடைக்காது.

பண்பாட்டு நிலக்காட்சி என்ற வகையை உலகப் பாரம்பரியக் குழு ஏற்றது 1992-இல். நாங்கள் டேப் பிடித்தபோது அதற்குச் சில வயது ஆகிவிட்டது. என் காதில் அது ஏறவில்லை. தனிக் கட்டடத்தை விட்டுவிட்டு மனிதரும் மண்ணும் நீரும் சேர்ந்து உருவாக்கிய இடத்தைப் பார் என்பது அதன் சாரம். செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்த சமயத்தில்தான் பழைய குறிப்புகளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எட்டாம் நாள் தூறல் போட்டதாக அதில் ஒரு வரி. அதைப் படித்ததும் மீதி நினைவுக்கு வந்தது. நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் வளவு முற்றத்தில் தண்ணீர் விழுந்தது. முதல் மழைத் தண்ணீரைப் பிடிக்கக்கூடாது, ஓடு கழுவிய பிறகு அண்டாவை வை என்று ஆச்சி மாணவனை அதட்டினார். மிச்சம் வளவு மூலையில் ஒரு தூம்பு வழியாகத் தெருவுக்குப் போய், அங்கிருந்து ஊருணிக்குப் போகும் என்றார். செம்மண் பூமியில் வீடு என்பது ஊருணிக்குத் தண்ணீர் அனுப்பும் கூரையும்தான். சாயங்காலம் எங்கள் படத்தை வாங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"எல்லாம் போட்டிருக்கீக. தூம்பை விட்டுட்டீகளே தம்பி."

மறுநாள் போடலாம் என்றேன். மறுநாள் கிளம்பும் அவசரம்.

இப்போது அந்தப் படம் பல்கலைக்கழக ஆவணக் காப்பறையில், பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கிறது. போன மாதம் அனுமதி வாங்கி, பென்சிலோடு போய் உட்கார்ந்தேன். வளவுக்கு நாலு மூலை. ஆச்சி கையை நீட்டிக் காட்டியது கண்ணில் அப்படியே நிற்கிறது. எந்த மூலையைக் காட்டினார் என்பது மட்டும் வரவில்லை.