எதிராளியின் திரையில்

ஒரு மனிதனைத் தட்டையாக விரித்துப் போட்டால் எப்படி இருப்பான் என்பது, கணினி விளையாட்டுகளின் வீரர்களுக்கு ஸ்கின், அதாவது உடல்மேல் போர்த்தும் படம், தீட்டுகிறவர்களுக்குத் தெரியும். 1996-இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட ‘குவேக்’ விளையாட்டின் வீரன் ஒரே படத்தில் முன்பக்கமாகவும் பின்பக்கமாகவும் அருகருகே கிடப்பான். அகலம் 296 பிக்ஸல், உயரம் 194. தலை, கவசம், கால்சட்டை, பூட்ஸ் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். முகத்துக்குக் கிடைப்பது நகத்தளவு இடம். அதில் இரண்டு கண், ஒரு தாடை, முடிந்தால் ஒரு முறைப்பு.

நிறமும் தாராளமாகக் கிடைக்காது. மொத்தம் 256 நிறங்கள். பழுப்பும் துருவும்தான் அதிகம். கடைசி 32 நிறங்கள் இருட்டிலும் மங்காமல் ஒளிரும். போட்டோ ஒன்றை இந்தப் பட்டியலுக்குள் சுருக்கும்போது மென்பொருள் அந்த 32-இல் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது: இருண்ட மூலையில் பதுங்கியிருக்கும் வீரனின் கன்னத்தில் ஒரு புள்ளி மட்டும் தனியாக மின்னும். சட்டைக்கென்று 16 நிறங்கள், கால்சட்டைக்கென்று 16 நிறங்கள் ஒதுக்கியிருப்பார்கள். அவற்றால் தீட்டிய இடங்களை அணியின் நிறத்துக்கு ஏற்ப விளையாட்டே மாற்றிக்கொள்ளும். உடம்பில் எதை அணிக்கு விட்டுக்கொடுப்பது, எதைத் தனக்கென்று வைத்துக்கொள்வது என்பது தீட்டுகிறவர் முடிவு.

ஸ்கின்னைப் போர்த்தும் உடல் வடிவம், அதாவது மாடல், என்று பார்த்தால் சில நூறு முக்கோணங்கள். மார்பில் தசை கிடையாது, சட்டையில் மடிப்பு கிடையாது. எல்லாவற்றையும் தீட்டித்தான் வரவழைக்க வேண்டும். தாடைக்குக் கீழே நிழல், தோள் கவசத்தின் மேல் விளிம்பில் மெல்லிய வெளிச்சம், பெல்ட்டுக்கு அடியில் ஒரு கருங்கோடு. சிரமமான இடம் விலா. முன்பக்கமும் பின்பக்கமும் சந்திக்கும் அந்த ஓரத்தில் ஒரு பிக்ஸல் இழுபட்டு நீளக் கோடாகிவிடும். கட்டம் போட்ட சட்டையை அங்கே பொருத்த முயன்றவருக்கு அந்த அவஸ்தை தெரியும். விவரம் தெரிந்தவர்கள் விலாவில் அலங்காரமே வைப்பதில்லை. ஒரே நிறத்தைப் பூசிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள்.

இவ்வளவும் யாருக்காக? குவேக், வீரனின் கண் வழியாக ஆடும் விளையாட்டு. ஆடுகிறவருக்குத் தெரிவது எதிரே உள்ள சுவரும் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் துப்பாக்கியும்தான். தான் தீட்டிய முகம் ஆட்டத்தில் அவர் கண்ணில் படாது. பார்ப்பவன் எதிராளி, அதுவும் ஓட்டத்தில், குறிவைக்கும் அரை நொடியில்.

அதற்கும் நிபந்தனை உண்டு. 1997-இல் வந்த ‘குவேக் 2’-வில் உங்கள் ஸ்கின் கோப்பு எதிராளியின் கணினியிலும் இருக்க வேண்டும். அது இல்லாமல், சர்வர் வழியாக இறக்கிக்கொள்ளவும் வழி இல்லாவிட்டால், அவர் திரையில் நீங்கள் ‘கிரண்ட்’ என்ற பொதுவான சிப்பாய். ராத்திரி கண்விழித்துத் தீட்டிய தழும்பு, சங்கிலி, குழுச் சின்னம் எதுவும் அங்கே போய்ச் சேராது. எனவே குழுவாக ஆடியவர்கள் ஸ்கின்னைத் தங்களுக்குள் பகிர்ந்து அவரவர் கணினியில் போட்டுக்கொண்டார்கள். என் முகத்தை உன் வீட்டில் கொஞ்சம் வைத்துக்கொள் என்று கேட்பதுதானே அது?

1999-இன் ‘குவேக் 3 அரீனா’ இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் ‘ஃபோர்ஸ்மாடல்’ என்றொரு வசதி. அதை இயக்கினால், ஆட்டத்தில் இருக்கும் அத்தனை பேரும் உங்கள் திரையில் நீங்கள் தேர்ந்தெடுத்த மாடலாகவே தெரிவார்கள். போட்டி ஆட்டக்காரர்கள், விளையாட்டின் திருத்திய பதிப்புகளில், எதிரிகள் எல்லோரையும் பளிச்சென்ற பச்சைக்கு மாற்றிக்கொண்டார்கள். எந்த இருட்டிலும் குறி தப்பாது. தீட்டியவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. போட்டி ஆட்டக்காரனுக்கு வேண்டியது குறி, முகமல்ல; அதை ஒளிக்காமல் செய்கிறான். வெளியுலகில் நம்மைப் பச்சை பூசிப் பார்க்கிறவர்கள் சொல்லிவிட்டா செய்கிறார்கள்?

சின்ன வயதில் ஊரை விட்டுப் போன பையன் இருபது வருஷம் கழித்துப் பந்தியில் உட்கார்ந்தால், ‘அவனுக்குக் கத்திரிக்காய் ஆகாது’ என்று அத்தை கரண்டியை நகர்த்திவிடுகிறாள். அவளிடம் இருக்கும் கோப்பு அதுதான். இடையில் அவன் தன்னை எத்தனை விதமாகத் தீட்டிக்கொண்டிருந்தாலும் எதுவும் அவள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. பழையதையாவது பத்திரமாக வைத்திருக்கிறாளே. நம் முகத்தை நாமே நேரில் பார்த்தது கிடையாது. கண்ணாடியும் போட்டோவும் காட்டியதை நம்புகிறோம். நம் தோற்றம் என்று எதைச் சொல்கிறோமோ அது நம் கையில் இல்லை. பார்க்கிறவர்களிடம் ஆளுக்கொரு பிரதியாக இருக்கிறது. ஒரு பிரதியை ஒழுங்காகத் தீட்டி அனுப்பலாம். அதை வைத்துக்கொள்வதும் தள்ளுவதும் அவர்கள் பாடு.

‘குவேக் 3’-இன் அறிமுக அரங்கில் ஒரு கண்ணாடி உண்டு. அதுமாதிரி ஏதாவது அகப்பட்டால் தவிர, உயிரோடு ஆடும்வரை உங்கள் உடல் உங்களுக்குத் தெரியாது. சுடப்பட்டு விழுந்ததும் பார்வை உடலை விட்டு வெளியே வந்து, கீழே கிடப்பதைக் காட்டும். நன்றாகத் தீட்டியிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள அதுதான் நேரம். இதை எழுதிய புரோகிராமர் தத்துவம் ஏதும் நினைத்திருக்க மாட்டார். செத்தவனின் கண்ணோடு கேமராவையும் தரையில் போட்டால் எதுவும் தெரியாதே என்றுதான் நினைத்திருப்பார்.

2017-இல் வந்த ‘ஃபோர்ட்நைட்’டில் கேமரா பெரும்பாலும் பின்னால் நிற்கிறது. ஆடுகிறவர் தன் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆட்டம் இலவசம், ஸ்கின்னுக்குத்தான் காசு. சொந்தமாகத் தீட்டிப் போட்டுக்கொள்ள இடமில்லை. தன் கண்ணுக்குத் தெரிவதற்குக் காசு கொடுக்க ஆள் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. தனக்குத் தெரியாததற்காக ராத்திரி கண்விழித்தவர்கள்தான் என்னை ஆச்சரியப்படுத்துகிறார்கள்.

அவர்களின் வாரிசுகள் இப்போது ‘மைன்கிராஃப்ட்’டில் இருக்கிறார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். முகத்துக்கு 8-க்கு 8 பிக்ஸல். 2014 வரை வலக்கையில் தீட்டியதே இடக்கையிலும் வந்துவிடும். ஒரு கையில் மட்டும் கடிகாரம் கட்ட முடியாது. இப்போது முடியும். கோப்பை வைத்துக்கொள் என்று யாரையும் கெஞ்ச வேண்டியதும் இல்லை. ஸ்கின் படத்தில் ஒவ்வொரு காலுக்கும் பாதத்தின் அடிக்கென்று 4-க்கு 4 என்று ஒரு சதுரம் உண்டு. பலர் அதில் ஒரே நிறத்தை ஊற்றிவிட்டுப் போகிறார்கள். சிலர் அந்தப் பதினாறு பிக்ஸலிலும் செருப்பின் அடியை வரைகிறார்கள். மேல் மாடியில் நிற்பவரைக் கீழிருந்து பார்க்க முடிந்தால்தான் அது நன்றாகத் தெரியும். அந்த விளையாட்டில் தளத்துக்குக் கண்ணாடி போட்டு வீடு கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.