கொடுப்பவர் யார்?

ஏழை எளியவருக்குத் தொழிற்பயிற்சி அளிப்பது சிறந்த தொண்டு என்பதில் ஐயமில்லை. அன்னதானம் அன்றைய பசியைத் தீர்க்கிறது. கைத்தொழிலோ ஒரு குடும்பத்தையே நிமிர்ந்து நிற்கச் செய்கிறது. ஆனால் இந்த உயர்ந்த தொண்டிலும் நுட்பமான ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. ‘நான் அறிந்தவன், இவர்கள் அறியாதவர்கள், நான் கொடுக்கிறேன், இவர்கள் பெறுகிறார்கள்’ என்ற எண்ணமே அது. இந்த எண்ணம் உண்மைதானா? பொதிகை மலைச் சாரலில் நிகழ்ந்த ஒரு வரலாறு இதற்கு விடை தருகிறது.

மலையில் கிடைத்த பாடம்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் வித்துரா. பொதிகை என்று தமிழர் போற்றும் அகத்திய மலைத்தொடரின் மேற்குச் சாரல் இது. பாபநாசத்திலும் பேச்சிப்பாறையிலும் வாழும் காணிக்காரப் பழங்குடியினர் இந்தப் பகுதிக் காடுகளிலும் பரவி வாழ்கின்றனர். தேனெடுத்தல், கூடை முடைதல், மூலிகை சேகரித்தல் ஆகியவை அவர்களது பரம்பரைத் தொழில்கள்.

1987-ஆம் ஆண்டு டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் குழு ஒன்று இம்மலைத்தொடரில் ஆய்வுக்காக ஏறியது. வழிகாட்ட வந்தவர்கள் காணிக்காரர்கள். விஞ்ஞானிகள் களைத்துப் போனார்கள். வழிகாட்டிகளோ ஒரு சிறிய காயை அவ்வப்போது மென்றபடி சோர்வின்றி நடந்தார்கள். அது என்ன என்று கேட்டபோது முதலில் தயங்கினார்கள். அது அவர்களது குல ரகசியம். பிறகு நம்பிக்கை கொண்டு அந்தச் செடியைக் காட்டினார்கள். அதுவே ‘ஆரோக்கியப்பச்சை’.

வித்துராவுக்கு அருகிலுள்ள பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் அந்தச் செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1990-களின் நடுவில் அதைத் தயாரிக்கும் உரிமை 10 லட்சம் ரூபாய்க்குக் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு அளிக்கப்பட்டது. அந்தத் தொகையிலும் விற்பனையில் வரும் உரிமைப் பங்கிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. இதற்காக 1997-இல் அவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. அறிவைத் தந்தவருக்கு அதன் பயனில் பங்கு என்ற இந்த ஏற்பாடு உலகின் கவனத்தைக் கவர்ந்தது.

எங்கே இடறியது?

மருந்துக்கு இலை வேண்டும். எனவே சில காணிக் குடும்பங்களுக்கு ஆரோக்கியப்பச்சையைப் பயிரிடும் பயிற்சியும் உதவித்தொகையும் அளிக்கப்பட்டன. இலைகளை வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு இருந்தது. நோக்கம் நல்லதே, ஆனால் திட்டம் நிலைக்கவில்லை. காட்டில் விளைவதை எடுத்துச் செல்ல வனச் சட்டங்கள் தடையாயின. இயற்கையான காட்டுச் சூழலிலிருந்து அகற்றி வளர்த்தால் அந்தச் செடியின் மருத்துவ ஆற்றல் குறைகிறது என்பதும் தெரியவந்தது. காணிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. ‘பிலாத்தி’ எனப்படும் குல வைத்தியர்கள் சிலர், பரம்பரை அறிவை விலைபேசலாகாது என்று எதிர்த்தனர். எல்லோரையும் கேட்டா இது முடிவு செய்யப்பட்டது என்ற வினாவும் எழுந்தது.

பயிற்சி மட்டும் போதாது என்பதை இது காட்டுகிறது. கற்ற தொழிலைச் செய்ய நிலத்தில் உரிமை வேண்டும். விளைந்ததை விற்க வழி வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, தம் வாழ்வைப் பற்றிய முடிவைத் தாமே எடுக்கும் சுதந்திரம் வேண்டும். செடிக்குக் காடு எப்படியோ, தொழிலுக்கு இவை அப்படி.

தானமா, கடனா?

வித்துராவை அடுத்த கல்லாறு வனப்பகுதியைச் சேர்ந்த காணிப் பெண்மணி லட்சுமிக்குட்டி, நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை நினைவிலேயே வைத்திருப்பவர். விஷமுறிவு வைத்தியத்தில் புகழ்பெற்றவர். 2018-இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இத்தகைய ஒருவர் ஏதேனும் ஒரு பயிற்சி முகாமில் வந்து அமர்ந்தால், பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ‘பயனாளி’ என்றுதான் எழுதப்படும். அவருக்கு என்ன தெரியும் என்று கேட்க அந்தப் பதிவேட்டில் இடமே இருக்காது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ‘பழைய அறிவைப் புகழ்ந்தால் வயிறு நிறையுமா? இன்றைய இளைஞனுக்கு மின்பணியும் கணினியும் தையலும் அல்லவா வேண்டும்?’ நியாயமான கேள்வி. கட்டாயம் இவற்றைக் கற்றுத்தர வேண்டும். வறுமையைக் காட்டின் அழகு என்று போற்றுவது இரக்கமற்ற செயல். இங்கே கேள்வி, எதைக் கற்றுத்தருவது என்பதல்ல. எந்த மனநிலையில் நின்று கற்றுத்தருவது என்பது.

நம் முன்னோர் மனிதனைக் கடன்பட்டவனாகவே கண்டார்கள். தேவருக்கும் ரிஷிகளுக்கும் முன்னோருக்கும் சக மனிதருக்கும் உயிரினங்களுக்கும் அவன் பட்ட கடனைத் தீர்ப்பதற்கே ஐந்து வேள்விகளை விதித்தார்கள். கொடுப்பவரிடம் செருக்கு அல்ல, நாணமே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது தைத்திரீய உபநிஷதம். கடனைத் திருப்பித் தருபவன் தன்னை வள்ளல் என்று எண்ணிக்கொள்ள முடியுமா? மலைவாழ் மக்களிடமிருந்து மருந்தையும், அவர்கள் காத்த காட்டிலிருந்து ஆற்று நீரையும் பெற்று வாழும் சமவெளி மக்கள், அவர்களுக்குச் செய்யும் எதுவும் கடன் தீர்ப்பதில் ஒரு பகுதியே.

1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் கன்னியாகுமரிக்குச் செல்லும் முன் திருவனந்தபுரத்தில் தங்கினார். எளிய மக்களுக்கு அவர்கள் இழந்த தன்மதிப்பை மீட்டுத் தருவதே தேவை என்று அவர் பின்னாளில் வலியுறுத்தினார். ஏற்பவருக்குக் கொடுப்பவரே நன்றி செலுத்த வேண்டும் என்பதும் அவரது போதனை.

ஆகவே தொண்டு செய்யப் புறப்படுபவர், பாடத்தைத் தொடங்கும் முன் சிறிது நேரம் மாணவராக அமரட்டும். ‘உங்களுக்கு என்ன தெரியும்? என்ன வேண்டும்?’ என்று கேட்டு, விடையைப் பொறுமையாகக் கேட்கட்டும். பிறகு அவர் கற்றுத்தரும் தொழில், வருவாயோடு தன்மதிப்பையும் தரும். அவருக்கோ, அகந்தை கரையும். அதுவே சேவை யோகமாகும் வழி.