வேலியைத் தோளில் தூக்கு!

நிலம் இல்லை, கையில் காசு இல்லை, சிபாரிசு செய்ய ஆள் இல்லை. கீழப்பழுவூரில் எந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் இந்த மூன்று இல்லையும் காதில் விழும். தம்பி, உன்னிடம்தான் பேசுகிறேன். தங்கச்சி, உன்னிடமும்தான். கிளாஸை வைத்துவிட்டு எழுந்திரு. சம்பா அறுத்து முடிந்ததும் தஞ்சாவூர் ரோட்டில் திருமானூர் பக்கம் போய்ப் பார். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரிகள் மந்தையோடு வந்து இறங்கியிருப்பார்கள்.

அந்தக் கீதாரிக்கு இந்த மண்ணில் ஒரு சென்ட் கிடையாது. இங்கே மாமன் மச்சான் கிடையாது. ஆனால் பத்து ஏக்கர்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பேறி வந்து அவர் முன்னால் நிற்கிறார். "கீதாரி, நம்ம வயல்லயும் நாலு ராத்திரி கிடை போடுங்க" என்கிறார். ராத்திரி ஆட்டை வயலில் மடக்கி எரு விழ வைப்பதுதான் கிடை. அதற்குக் கூலி கொடுப்பவரும் நிலக்காரரேதான். நிலம் உள்ளவர் கேட்கிறார், நிலம் இல்லாதவர் "பாப்போம்ணே, மேலக்காட்டுக்காரங்க முந்திக்கிட்டாங்க" என்று நாள் சொல்கிறார். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லு. உன் மூன்று இல்லைக்கும் பதில் இதற்குள் இருக்கிறது.

நிலக்காரர் ஏன் கேட்கிறார்? பாசத்தாலா? கணக்கு தம்பி, சுத்தமான கணக்கு! தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் தேறினால் அதிகம். ஆட்டு எருவில் சுமார் 3 சதவீதம் தழைச்சத்து, 1 சதவீதம் மணிச்சத்து, 2 சதவீதம் சாம்பல்சத்து என்று வேளாண் பல்கலைக்கழகமே பாடம் சொல்கிறது. கொட்டகையில் ஆட்டைக் கட்டினால் மூத்திரம் வீணாகத் தரையில் போகும். கிடையில் அதுவும் வயலுக்கே இறங்கும். அள்ள ஆள் வேண்டாம், ஏற்ற வண்டி வேண்டாம். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்று நம் பாட்டன் சும்மாவா சொன்னான்?

ஆனால் ஆடு மட்டும் இருந்தால் போதாது. ஆயிரம் ஆட்டைத் திறந்த வெளியில் விட்டால் விடிவதற்குள் பாதி அடுத்தவன் உளுந்துக்குள் நிற்கும், மீதியை நாயும் நரியும் பார்த்துக்கொள்ளும். அதனால் கீதாரி தன் வேலியையும் கூடவே கொண்டு வருகிறார். கம்பு, வலை, படல், குட்டிகளை அடைக்கும் கூடு, மழைக்குத் தான் ஒண்டிக்கொள்ளும் கூடாப்பு. அவ்வளவுதான் சொத்து. பொழுது சாய்வதற்குள் கம்பு ஊன்றி, வலையைச் சுற்றிக் கட்டி, ஆட்டை உள்ளே மடக்கிவிடுவார். மறுநாள் அதையே பிடுங்கிப் பக்கத்துத் துண்டில் ஊன்றுவார். அப்படி மாற்றி மாற்றிப் போட்டால்தான் வயல் முழுக்க எரு சமமாக விழும். ஒரு காலத்தில் இதெல்லாம் தலையிலும் தோளிலும் போயிற்று. இப்போது சின்ன யானை வண்டி வந்துவிட்டது, நூல் வலை போய் நைலான் வலை வந்துவிட்டது. வண்டியில் ஏற்றுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இறங்கிய உடனே தேவைப்படுவது கம்பும் வலையும். அதனால் அவை கடைசியில்தான் ஏறும். அரிசிச் சாக்கு அடியில் கிடக்கலாம், பசி அரை மணி பொறுக்கும். ஆடு பொறுக்காது.

அமெரிக்காவில் குதிரைக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். குதிரை ஏற்றும் இழுவை வண்டியின் பக்கவாட்டில் இரும்புக் குழாய்ப் படல்களை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள். ராத்திரி தங்கும் இடத்தில் அவற்றை வட்டமாகக் கோத்துக் குதிரையை உள்ளே விடுகிறார்கள். அவன் செய்தால் பிரமாதம், நம் கீதாரி செய்தால் பரதேசிப் பிழைப்பா? அந்த நினைப்பை முதலில் தூக்கிப் போடு!

இப்போது உன் கதைக்கு வருவோம். திருப்பூர் போகிறாய், சென்னை போகிறாய், சிங்கப்பூர்கூடப் போகிறாய். போ, நன்றாகப் போ. ஆனால் உன் படலை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகிறாயே! அப்பா பார்க்கிற வரைக்கும் ஒழுங்கு, ஊர் பேசும் என்கிற வரைக்கும் ஒழுங்கு. அந்தப் பக்கம் இறங்கிய முதல் சனிக்கிழமை சம்பளத்தில் பாதி டாஸ்மாக்கில், மீதி செல்போன் சூதாட்டத்தில். வேலி ஊருக்குச் சொந்தமாக இருந்தது, உனக்குச் சொந்தமாக இல்லை. எத்தனை மணிக்கு எழுவேன், சம்பளத்தில் எதைத் தொடமாட்டேன், எந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன் என்று நீயே கம்பு நட்டுப் பழகு. போகிற இடத்தில் எல்லாம் பொழுது சாய்வதற்குள் அதை ஊன்று. அதற்கு யார் நிலத்தில் நிற்கிறாய் என்பது பொருட்டே இல்லை.

ஆடு செத்துப்போனால்? கேள், சோழர் கதை சொல்கிறேன். இது பழுவேட்டரையர் ஆண்ட மண் இல்லையா, கேட்டுத்தான் ஆக வேண்டும். ராஜராஜன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் விட்டார்கள். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகத்தான் செய்யும், கிழடு தட்டத்தான் செய்யும். ஆனால் குட்டியைக் கொண்டு கணக்கை நிரப்புவது அவர் பொறுப்பு. ஒரு ஆடு செத்ததும் மந்தையையே விற்றுவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தால் கோயில் இருட்டில் கிடந்திருக்கும். நீ ஒரு தேர்வில் தோற்றதற்கு மூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கிறாயே!

கீதாரி வாழ்க்கை இனிக்கும் என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் நீலநாக்கு நோய் வரும், ஆட்டுக்கொல்லி வரும். ராத்திரி திருடன் வருவான். சிமெண்ட் லாரிகள் ஓடும் ரோட்டில் மந்தையைக் கடத்துவதற்குள் உயிர் போய் உயிர் வரும். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்குச் சின்னப் பையன்களை ஆடு மேய்க்க அடகு வைத்த கொடுமை டெல்டாவில் நடந்திருக்கிறது. கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டமே ஒழித்தது. அப்படி ஒரு பையன் எங்கே தென்பட்டாலும் 1098க்குப் போன் போடு. அதற்கு என்ன யோசனை?

ஐ.நா. சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்கும் உரிய ஆண்டாக அறிவித்திருக்கிறது. அறிவிப்பு ஆட்டுக்குத் தழை போடாது. ஆனால் நீ ஒன்று செய்யலாம். அரியலூரில் அரசு ஐடிஐ இருக்கிறது. வெல்டிங் படி. சின்ன யானையின் பக்கப் பலகையில் மாட்டுகிற மாதிரி, ஒரே ஆள் தூக்கி இறக்குகிற மாதிரி, மடக்குப் படல் ஒன்று குழாயில் செய். ராத்திரி மிரண்ட ஆடு முட்டினால் சாயக் கூடாது, ஆட்டின் கால் சிக்கக் கூடாது, உழுத வயலிலும் நிற்க வேண்டும். செய்து முடித்து நேராகக் கிடைக்கே கொண்டு போ. "கனம் ஜாஸ்தி தம்பி" என்பார் கீதாரி. குழாயை மாற்றி மறுபடி கொண்டு போ. விலையைக் கேட்டுவிட்டுக் கீதாரி கறாராகப் பேரம் பேசுவார். பேசட்டும். நீயும் பேசு!