பிழைக்கு ஓர் இடம்

பிரசவத்தில் உயிர் நீத்த பெண்ணுக்கு ஷஹீதின் பதவி உண்டு என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் அளித்த நன்மாராயம். அந்த ஆறுதலைச் சொல்லியே நம் முன்னோர் எத்தனையோ வீடுகளில் கண்ணீரைத் துடைத்தனர். நம் சிறிய தாயார் தலைப்பிரசவத்தில் உதிரம் பெருகி மௌத்தான அன்றும் அதுவே சொல்லப்பட்டது. ஆயின், மாண்டவளுக்கு உயர்பதவி கிட்டுவதால், காத்திருக்க வேண்டியவர்களின் பொறுப்பு நீங்கிவிடுமா?

அண்மையில் நம் பழைய மாணவி ஒருத்தி இவ்வினாவை மீண்டும் எழுப்பினாள். ஆவடிப் பக்கத்தில் செவிலியராகப் பணிபுரியும் அவள், தான் பெற்ற பயிற்சியை விவரித்தாள். பயிற்றுநர் பொம்மைக் கருப்பையை வயிற்றில் கட்டிக்கொண்டு பிரசவத் தாயாக நடிக்கிறார். குழந்தைப் பொம்மை வெளிவந்ததும் செந்நீர் பெருகுகிறது. செவிலியர் துணைக்குக் குரல் கொடுக்க வேண்டும். கருப்பையைத் தேய்த்து இறுகச் செய்ய வேண்டும். ஆக்ஸிடோசின் மருந்து செலுத்த வேண்டும். பின்னர் அனைவரும் அமர்ந்து, எங்கே தவறினோம் என ஆராய்கின்றனர்.

"முதல் நாள் அந்தத் தாய் எங்கள் கையிலேயே இறந்துபோனாள், ஹஜ்ரத்" என்றபோது அவள் குரல் தழுதழுத்தது.

இம்முறை புதிதன்று. பிரான்சில் கூத்ரே அம்மையார் துணியாலும் தோலாலும் தாயின் இடுப்பு வடிவம் சமைத்து, 1759இல் அரசாணை பெற்று, ஊர் ஊராகச் சென்று மருத்துவச்சிகளுக்குக் கற்பித்தார். 2010-களில் பீகாரின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் செவிலியர் இவ்வாறு பழக்கப்பட்டனர்.

அரபு மொழியில் மருத்துவச்சிக்குக் 'காபிலா' என்று பெயர்; ஏற்றுக்கொள்பவள் என்பது பொருள். 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் இத்தொழிலுக்கெனத் தனி அத்தியாயமே வகுத்தார். தொழில்திறன் என்பது 'மலகா'. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் ஊறி நிலைக்கும் தன்மை என்பது அவர் கொள்கை.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. சுகப்பிரசவம் அடிக்கடி வருகிறது, கை பழகிவிடுகிறது. கட்டுக்கடங்காத உதிரப்போக்கும், தலை வந்தபின் தோள் சிக்கிக்கொள்ளும் நிலையும் எப்போதோதான் நேரும். நேர்ந்தாலோ சிந்திக்க அவகாசம் இராது. அரிதாக வருவதைத் திரும்பத் திரும்பச் செய்வது எங்ஙனம்? உயிருள்ள தாய்மாரிடம் பழகினால், அப்பாடத்தின் விலையை யாரோ ஓர் ஏழைப் பெண்ணல்லவா செலுத்துகிறாள்? பிழையின்றிக் கல்வி இல்லை. ஆதலின், பிழை நிகழ்வதற்குத் தீங்கற்ற ஓர் இடம் அமைப்பது நம் கடமையாகிறது.

பொம்மையிடம் நடிப்பது விளையாட்டன்றோ என்பர் சிலர். மய்யித்தைக் குளிப்பாட்டும் முறையை நாம் பொம்மையை வைத்துக் கற்பிப்பதில்லையா? ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளைப் பெருமானார் தடுக்கவில்லை. குழந்தை வளர்ப்புக்கு அது பயிற்சி என்று ஆலிம்கள் விளக்கமும் தந்தனர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் பழகும் இளைஞனிடம் எடுத்த எடுப்பில் விலையுயர்ந்த உலோகத்தைக் கொடுப்பாருண்டோ? இரும்புக்குக் காட்டும் எச்சரிக்கையைத் தாய்க்குக் காட்ட வேண்டாமா?

மருத்துவம் அறியாது மருத்துவம் செய்பவர் விளைந்த கேட்டுக்குப் பொறுப்பாளி என்பது நபிமொழியின் கருத்து. ஆனால் பழக வாய்ப்பே தராமல் ஓர் இளம்பெண்ணைப் பிரசவ அறைக்கு அனுப்பிவிட்டு, பழியை அவள் தலையில் மட்டும் சுமத்துவது நீதியாகாது. மருத்துவம் பர்ளு கிபாயா என்றனர் இமாம்கள். அதனை நிறைவேற்றுவார் இல்லையெனில் சமுதாயம் முழுவதும் குற்றவாளியாகும். ஒருமுறை கற்ற பயிற்சியும் துருப்பிடிக்கும்; மீண்டும் மீண்டும் பழக நேரமும் பொருளும் ஒதுக்கப்பட வேண்டும். நம் மகளைப் பிரசவத்துக்குச் சேர்க்கும் இடத்தில், இப்பயிற்சி நடைபெறுகிறதா என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

தமிழகத்தில் 2018-20 கணக்கின்படி உயிருடன் பிறந்த இலட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார் மாண்டனர், இந்தியாவில் 97. நம் நிலை மேலானதே. எனினும் அந்த 54 பேரில் ஒவ்வொருத்தியும் ஒரு வீட்டின் விளக்கு.

ஷஹீத் என்னும் சொல் நம் கண்ணீரைத் துடைக்கத் தரப்பட்டது, கடமையைக் கைகழுவுவதற்கன்று.