சுவர் சொல்லும் சாட்சி

பைபிளின் பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் என்று ஒரு நூல் இருக்கிறது. முழுக்க முழுக்க விதிகளும் விலக்குகளுமாக இருப்பதால் கதைப் பிரியர்கள் அந்தப் பக்கம் தலை வைப்பதில்லை. அதன் 14-ஆம் அதிகாரத்தை நான் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுண்டு. வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ ஏதாவது படர்ந்தால், அந்த வீட்டுக்குடையவனே ஆசாரியனிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஆசாரியன் வந்து பார்த்து, வீட்டை ஏழு நாள் அடைத்து வைக்கிறான். அதற்குள் மேலும் படர்ந்திருந்தால் கற்களைப் பெயர்த்தெறிந்து, சுவரைச் சுரண்டி, வேறு சாந்து பூச வேண்டும். அப்புறமும் தலைகாட்டினால் வீட்டையே இடித்துவிட வேண்டியதுதான். குஷ்டம் என்று தமிழில் பெயர்த்திருக்கிறார்கள்; பூசணமாக இருக்கலாம் என்பது இன்று பலருடைய கருத்து.

ஆசாரியனுடைய இடத்துக்கு இன்று பரிசோதகர் வந்திருக்கிறார். சுவரில் ஒரு கருவியை வைத்து ஈரத்தை அளக்கிறார். அறையின் காற்றை உறிஞ்சியெடுத்து, அதில் மிதக்கும் பூசண வித்துக்களை எண்ணச் செய்கிறார். நல்ல காரியந்தான். ஆனால், கண்ணுக்குத் தெரியும்படி பூசணம் இருக்குமானால் பெரும்பாலும் இந்தச் சோதனையே வேண்டியதில்லை என்று அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் இலாகாவே சொல்கிறது. இத்தனைக்கு மேல் போனால் ஆபத்து என்று அங்கே மத்திய அரசு வகுத்த அளவும் கிடையாது. ஓதம் எங்கிருந்து வருகிறது, மாடியிலிருந்தா, சுவருக்குள் ஓடும் குழாயிலிருந்தா என்று கண்டுபிடித்துச் சொல்பவரே உபயோகமான பரிசோதகர். நீரை நிறுத்தாமல் சுண்ணாம்பு அடிப்பது புண்ணின் மேல் பவுடர் பூசுகிற மாதிரி.

அப்படியானால் அந்த எண்கள் யாருக்காக? என்னைக் கேட்டால், இருமாதவர்களுக்காக. ஒரே அறையில் நாலு பேர் படுக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் விடியற்காலையில் இழுப்பு வருகிறது. “எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையே, உனக்கு மட்டும் என்னடா?” என்கிறார்கள் மற்ற மூவரும். ஒவ்வாமை ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பது தெரியாதவர்கள் அல்லர். இருந்தாலும், மூன்று மாதமாக அந்தப் பிள்ளையின் மார்பு சொன்னதை நம்பாதவர்கள், தட்டச்சடித்த ஒரு தாளைக் கண்டதும் நம்பிவிடுகிறார்கள். அத்தாட்சி கேட்பது தவறல்ல. ஆனால் உண்மையை அறியத்தான் கேட்கிறோமா, செலவைத் தள்ளிப்போடக் கேட்கிறோமா என்பதை அவரவர் நெஞ்சுதான் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊர். சூடானிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஒரே படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் குடியிருந்தது. வீட்டில் பூசணம் என்று தகப்பனார் 2017-லேயே முறையிட்டார். மேலே வர்ணம் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டை நிர்வகித்தவர்களுக்கு வேறொரு எண்ணமும் இருந்தது: இந்தக் குடும்பத்தார் குளிக்கிற முறையினாலேதான் ஈரம்! 2020 டிசம்பரில், அவாப் என்ற இரண்டு வயதுக் குழந்தை மூச்சு முட்டி இறந்தது. பூசணத்தோடு நெடுநாள் வாழ்ந்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். குளிக்கும் முறையைப் பற்றி எண்ணியது தவறு என்று நிர்வாகமும் பிறகு ஒப்புக்கொண்டது. அங்கே எண்களா இல்லாமல் போயின? கண்ணால் பார்த்தவர்கள் இருந்தார்கள். சொன்னவன் வார்த்தைக்கு மதிப்பில்லை, அவ்வளவுதான்.

குழந்தையின் பெயராலேயே வழங்கும் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் அங்கே அமலுக்கு வந்திருக்கிறது. பொது வாடகை வீடுகளில், அபாயமான ஓதமோ பூசணமோ இருப்பதாகத் தெரிய வந்தால் பத்து வேலை நாட்களுக்குள் சோதிக்க வேண்டும். அபாயம் உறுதியானால் ஐந்து வேலை நாட்களுக்குள் அதை நீக்க வேண்டும். அவசரமென்றால் இருபத்துநாலு மணி நேரந்தான் கெடு.

வாடகை வீட்டுக்குச் சரி. சொந்த வீட்டில் தகப்பனாரேதான் வீட்டுக்காரர். இருமுகிற பிள்ளை யாரிடம் போய் மனுக் கொடுக்கும்?