பள்ளி பட்ட கடன்

பிரான்ஸின் மேற்குக் கோடியில் உள்ள பிரிட்டானியில், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பல பள்ளிகளில் ஒரு தண்டனை இருந்தது. வீட்டு மொழியான பிரெட்டனில் ஒரு வார்த்தை பேசிவிட்ட பிள்ளையின் கழுத்தில் பழைய மரச்செருப்பையோ மரத்துண்டையோ கட்டித் தொங்கவிடுவார்கள். பிரெட்டன் பேசும் இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால்தான் அது கழுத்தைவிட்டு இறங்கும். பள்ளி விடும் நேரத்தில் அது யாரிடம் இருக்கிறதோ, அந்தப் பிள்ளைக்கு அடி விழும்.

நாட்டை ஒன்றாக்குவதற்காகச் சிறுபான்மையினரின் மொழியைப் பள்ளி ஒழிக்கலாமா?

பொதுமொழியின் பக்கமும் நியாயம் உண்டு. 1881, 1882-இல் வந்த ஜூல் ஃபெரி சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாக்கின, கட்டாயமாக்கின. உழவர் வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சு படித்தார்கள். அரசு வேலைக்குப் போனார்கள். நீதிமன்றத்தில் தங்கள் வழக்கைத் தாங்களே பேசினார்கள். அதைச் சிறிய நன்மை என்று யாரும் தள்ளிவிட முடியாது. ஆனால் பிரெஞ்சைக் கற்றுக்கொடுக்க பிரெட்டனைப் பிடுங்க வேண்டிய அவசியம் என்ன? இரண்டு மொழிகளோடு வளர்வது பிள்ளைகளுக்கு ஆகாத காரியமல்ல. பள்ளி கற்பித்ததில் குற்றமில்லை; தாயின் பேச்சை அவமானச் சின்னமாக்கியதும், தோழனைக் காட்டிக்கொடுக்கப் பழக்கியதும்தான் குற்றம்.

‘பெற்றோரே விரும்பித்தானே விட்டார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், தங்களுக்குள் பிரெட்டன் பேசிய பெற்றோர் பிள்ளைகளிடம் பிரெஞ்சில் மட்டும் பேசத் தொடங்கியது உண்மைதான். தாங்கள் பட்ட அடி பிள்ளைக்கு விழக்கூடாது என்று எடுத்த முடிவை விருப்பம் என்று எப்படிச் சொல்வது? பேசினால் இழிவு, விட்டால் வேலை என்று வைத்துவிட்டு, விட்டவர்மேல் பழி போடுவது அறமாகாது. நூறாண்டுக்கு முன் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசிய மொழி, இன்று பெரும்பாலும் முதியவர்களின் நாவில்தான் இருக்கிறது.

பறித்தவர்க்குத் திருப்பித் தரும் கடமை உண்டு. 1951-இல் டெக்சோன் சட்டம் பிரெட்டனுக்கு விருப்பப் பாடமாகச் சிறிது இடம் தந்தது. அது போதாமல் 1977-இல் மக்களே ‘திவான்’ பள்ளிகளைத் தொடங்கி, பாடங்களை பிரெட்டனிலேயே நடத்தினார்கள். 2021-இல் நாடாளுமன்றம் இந்த முறையை அரசுப் பள்ளிகளுக்கும் கொண்டுவரச் சட்டம் இயற்றியது. குடியரசின் மொழி பிரெஞ்சு என்னும் விதியைக் காட்டி, அரசியலமைப்பு மன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது.

திவான் பள்ளிகளைத் தடுக்காமல் இருப்பதே பெருந்தன்மை என்று அரசு நினைக்கிறது. அரசின் பணத்தில், அரசின் ஆசிரியரைக் கொண்டு, அரசின் வகுப்பறையில் அழிக்கப்பட்ட மொழி அது. அதே பணமும் ஆசிரியரும் வகுப்பறையும் அதை மீட்கவும் கிடைக்க வேண்டும். பிரெட்டன் பேசுவோர் கேட்பது சலுகையல்ல, வரவேண்டிய பாக்கி.